பழி சுமந்த விஞ்ஞானி ஹாப்கின்

காரைக்கால் பக்கம் வயலில் இறங்கி நாற்று நடுகிறவர்களுக்குக் காலில் முள் குத்துவது புதிதல்ல. கண்ணாடிச் சில்லு கிழிக்கும். துருப்பிடித்த ஆணி ஏறும். உடனே என்ன செய்கிறார்கள்? காலைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். காயம் மிகச் சிறியதாக இருந்தாலும் டாக்டர் ஓர் ஊசி போடச் சொல்கிறார். ரண ஜன்னி வராமல் தடுப்பதற்கு அந்த ஊசி.

ரண ஜன்னிக் கிருமி திருநள்ளாற்று வயலிலும் உண்டு. திருமலைராயன்பட்டினத்து மாட்டுக் கொட்டகையிலும் உண்டு. உலகத்தில் மண்ணும் சாணமும் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கிறது. ஆனால், கிருமியாக அல்ல, வித்தாக! விதைநெல் பத்தாயத்தில் கிடப்பதுபோல, உண்ணாமல், வளராமல், ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது.

அந்த வித்து 1902-ம் ஆண்டில் பஞ்சாப் கிராமம் ஒன்றில் 19 பேரைக் கொன்றது. அந்தச் சாவுகளுக்கான பழி, இந்திய மக்களைக் கொள்ளை நோயிலிருந்து காக்க வந்த ஒரு மனிதரின் தலையில் விழுந்தது.

அவர் பெயர் வால்டெமர் ஹாப்கின்.

மதம் மாற மறுத்தார்

கருங்கடல் ஓரத்தில் ஒடெஸ்ஸா என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. இன்று அது உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1860-ம் ஆண்டு அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் ஹாப்கின் பிறந்தார்.

சர்வகலாசாலையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் மெச்னிகாப். பின்னாளில், 1908-ல், நோபல் பரிசு பெற்ற மேதை இவர்தான். மாணவரின் கூர்மையான அறிவை அவர் கண்டுகொண்டார்.

ஆனால், ருஷ்யாவில் யூதர்களுக்கு அப்போது நல்ல காலம் இல்லை. 1881-ல் பெரும் கலவரம் மூண்டது. யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. தம் மக்களைக் காக்க இளைஞர்கள் கூடி நின்றார்கள். ஹாப்கினும் அவர்களோடு நின்றார். அடிபட்டார், கைதானார்.

படித்து முடித்ததும் நல்ல உத்தியோகம் காத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. யூத மதத்தை விட்டு ருஷ்யத் திருச்சபையில் சேரவேண்டும். ஹாப்கின் மறுத்துவிட்டார். உத்தியோகமும் போயிற்று.

தாய்நாட்டை விட்டு ஸ்விட்சர்லாந்துக்குப் போனார். அங்கிருந்து 1889-ல் பாரிஸ் சேர்ந்தார். பாரிஸில் லூயி பாஸ்டர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மெச்னிகாப் ஏற்கெனவே அங்கே போய்விட்டார். பழைய மாணவருக்காகப் பேசினார். காலியாக இருந்ததோ புத்தகசாலையில் ஓர் உதவியாளர் வேலைதான். விஞ்ஞானம் படித்தவர் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். மிஞ்சிய நேரத்தில் கிருமிகளை ஆராய்ந்தார்.

தம் உடம்பிலேயே சோதனை

முதலில் அவர் எடுத்துக்கொண்டது காலரா. காவிரிக் கழிமுகத்து மக்களுக்கு அந்த நோயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாந்திபேதி என்று பெயர் கேட்டாலே பாட்டிமார் நடுங்கிய காலம் அது. பாரிஸை ஆண்ட அதே பிரெஞ்சு சர்க்கார்தான் அன்று காரைக்காலையும் ஆண்டது. அங்கே கொடி பறந்த வேகத்தில் மருந்து வந்துவிடவில்லை.

கிருமியைச் சூட்டினால் அடக்க முடியும் என்பது ஹாப்கினுக்குத் தெரியும். காலராக் கிருமியை 39 டிகிரி சூட்டில், இடைவிடாமல் காற்றோட்டம் கொடுத்து வளர்த்தார். அந்தச் சூட்டில் அதன் வலு குறைந்தது. வலு குறைந்த கிருமியை உடம்பில் செலுத்தினால் நோய் வராது. நோயை எதிர்க்கும் சக்தி மட்டும் வரும் என்று நம்பினார்.

யாருக்குச் செலுத்திப் பார்ப்பது? 1892-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி, தமக்கே குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போயிற்று. ஆள் பிழைத்தார். பிறகுதான் மற்றவர்களைக் கேட்டார்.

முன்பு இந்தியாவில் வைசிராயாக இருந்த டப்ரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். காலராவின் வீடே வங்காளந்தான், அங்கே போய்ப் பாருங்கள் என்று அவர் ஹாப்கினுக்கு வழிகாட்டினார். 1893-ல் ஹாப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

ஜனங்கள் லேசில் நம்பவில்லை. வெள்ளைக்காரன் ஊசியில் என்ன இருக்கிறதோ என்று அஞ்சினார்கள். ஹாப்கின் என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்துக்கு முன்னால் நின்று முதல் ஊசியைத் தமக்குப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்துச் சிலர் கை நீட்டினார்கள். பிறகு பலர் வந்தார்கள். இரண்டரை ஆண்டுக்குள் 40,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். இடையில் மலேரியாவில் விழுந்து, உடம்பு தேற இங்கிலாந்து போய், மறுபடியும் திரும்பி வந்தார்.

பம்பாயில் பிளேக்

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. எலி செத்து விழுந்தது. பிறகு மனிதர்கள் விழுந்தார்கள். நகரத்தை விட்டு ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஓடினார்கள். சர்க்கார் ஹாப்கினைக் கூப்பிட்டது.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறையும் தாழ்வாரமும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தாவும் சில பியூன்களும். அவ்வளவுதான்! ஹாப்கின் இரவு பகல் பார்க்கவில்லை. இறைச்சி ரசத்தில் பிளேக் கிருமியை வளர்த்தார். ரசத்தின் மேலே நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். அந்த நெய்யைப் பிடித்துக்கொண்டு கிருமிக் கூட்டம் விழுதுவிழுதாகத் தொங்கியது. நம் வீட்டுச் சமையலறை நெய் ஓர் ஆராய்ச்சிசாலையில் இப்படிப் பயன்பட்டது வேடிக்கைதான். பிறகு அந்த ரசத்தைச் சுமார் 65 டிகிரி வரை சூடாக்கிக் கிருமிகளைக் கொன்றார். கெடாமலிருக்கக் கொஞ்சம் கார்பாலிக் அமிலம் சேர்த்தார். அதுதான் மருந்து.

1897 ஜனவரி 10-ந் தேதி அதையும் முதலில் தமக்கே குத்திக்கொண்டார். சாதாரண அளவல்ல, பெரிய அளவு. காய்ச்சலும் வலியும் வாட்டின. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதே மாதக் கடைசியில் பைகுல்லா சிறைச்சாலையில் பிளேக் தலைகாட்டியது. இஷ்டப்பட்ட கைதிகளுக்கு மட்டும் ஊசி போட்டார். ஊசி போட்ட அன்றே நோய் கண்டவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஊசி போட்டவர்களில் 2 பேருக்கு நோய் வந்தது, சாவு இல்லை. போடாதவர்களில் 12 பேருக்கு வந்தது. 6 பேர் இறந்தார்கள்.

ஆகாகான் தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றி அவருடைய சமூகத்தார் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1899-ல் பரேல் என்ற இடத்தில் பழைய கவர்னர் மாளிகையே ஆராய்ச்சிசாலையாயிற்று. புத்தகசாலை உதவியாளராக இருந்தவர் மாளிகையில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் மருந்து அனுப்பினார்.

புகழோடு பொறாமையும் வளர்ந்தது. ஹாப்கின் வைத்தியம் படித்த டாக்டர் அல்ல. விலங்கியல் படித்த விஞ்ஞானி. ருஷ்யாவில் பிறந்தவர், யூதர். சர்க்கார் வைத்திய இலாகாவின் வெள்ளைக்கார டாக்டர்கள் பலருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

சூட்டுக்கு அஞ்சாத வித்து

இந்த இடத்தில் அந்த வித்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

சாதாரணக் கிருமி மிக மென்மையானது. 65, 70 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் செத்துப்போகும். பாலைக் காய்ச்சுகிறோமே, அதில் பெரும்பாலான கிருமிகள் ஒழிவது இதனால்தான். ஆனால், சில இனக் கிருமிகளுக்கு ஒரு வித்தை தெரியும். உணவு குறைந்தால் அவை தமக்குள்ளேயே ஒரு வித்தை உண்டாக்கிக்கொள்கின்றன. கிருமியின் உயிர்ச்சாரம் அதற்குள் போய் ஒடுங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் நீரின் பெரும்பகுதி வெளியேறுகிறது. சுற்றிலும் தடித்த தோல் பல அடுக்காக மூடுகிறது. நீர் இல்லாத பொருளில் சூடு சீக்கிரம் கேடு செய்வதில்லை. அதனால் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் பல வித்துகள் சாவதில்லை.

ஜெர்மனியில் கோன் என்ற அறிஞரும், கோக் என்ற டாக்டரும் 1876-ல் இந்த வித்துகளை விளக்கினார்கள். கோக்கின் ஆராய்ச்சிசாலைக்கு ஜப்பானிலிருந்து கிடசாட்டோ என்பவர் வந்து சேர்ந்தார். 1889-ல் அவர் ஒரு காரியம் செய்தார். ரண ஜன்னிக் கிருமியைத் தனியாகப் பிரிக்க அதுவரை யாராலும் முடியவில்லை. வேறு கிருமிகள் கூடவே வளர்ந்துவிடும். கிடசாட்டோ எல்லாவற்றையும் சேர்த்து 80 டிகிரியில் சூடாக்கினார். மற்றவை செத்தன. ரண ஜன்னியின் வித்து மட்டும் மிஞ்சியது. எந்தச் சூடு மற்றவற்றுக்கு எமனோ, அந்தச் சூடே இதற்குச் சல்லடை!

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. அளவான சூடு பல வித்துகளைக் கொல்லாததோடு, உறக்கத்திலிருந்து தட்டியும் எழுப்புகிறது. சூடுபட்ட வித்துக்குப் பிறகு தின்னத் தீனி கிடைத்தால், சூடுபடாத வித்தைவிட விரைவாக முளைக்கிறது. தோல் கழன்று, நீர் ஏறி, மறுபடியும் கிருமியாகிறது. தீனி கிடைக்காவிட்டாலோ? நாள் செல்லச்செல்ல அது மீண்டும் பழைய உறக்கத்துக்கே திரும்பிவிடலாம். உறங்குவதும் விழிப்பதும் அதற்கு அவ்வளவு கைவந்த கலை.

நம் வீட்டுச் சோற்றுப் பானையிலும் இது நடக்கிறது. அரிசியோடு வயலிலிருந்து ஓரினக் கிருமியின் வித்தும் வருகிறது. உலை கொதித்தாலும் அது சாவதில்லை, விழித்துக்கொள்கிறது. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே வெகுநேரம் மூடிக் கிடந்தால், விழித்த வித்து கிருமியாகிப் பெருகும். அது விடும் ஒருவகை நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. மிஞ்சிய சோற்றைச் சுடச்சுட வைத்திருக்க வேண்டும். அல்லது சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்ச்சியில் வைக்கவேண்டும்.

வித்தை நிச்சயமாகக் கொல்ல வேண்டுமானால் நீராவியை அழுத்தத்தில் அடைத்து 121 டிகிரிக்கு ஏற்றி, 15 நிமிஷமாவது வைக்கவேண்டும். ஆஸ்பத்திரிகளில் கத்தி, துணி எல்லாம் அப்படித்தான் சுத்தமாகின்றன. பாஸ்டரின் சீடர் சாம்பர்லான் 1879-ல் அமைத்த பாத்திரம் அது. சின்ன உலோகக் கருவியாக இருந்தால் தீயில் காட்டிச் சிவக்கக் காய்ச்சினாலே போதும். கார்பாலிக் அமிலத்தில் முக்கி எடுத்தால் கிருமி சாகும், வித்து சாகாது.

மல்கோவால் கிராமம்

1902-ல் பஞ்சாபில் பிளேக் தலைவிரித்து ஆடியது. லட்சக்கணக்கான பேருக்கு மருந்து வேண்டும் என்று பரேலுக்கு அவசரத் தகவல் வந்தது. வேகமாகத் தயாரிக்க ஹாப்கின் முறையைச் சிறிது மாற்றினார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூட்டை மட்டும் நம்பினார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலும் அப்படித்தான் செய்தார்கள்.

அக்டோபர் 30-ந் தேதி. மல்கோவால் என்ற கிராமம். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. அன்று அங்கே 107 பேருக்கு ஊசி போட்டார்கள். பல குப்பிகளிலிருந்து மருந்து எடுக்கப்பட்டது. அவற்றில் ஒரு குப்பியின் அடையாளம் 53-என்.

ஒரு வாரம் கழிந்தது. 53-என் குப்பியின் மருந்தைப் போட்டுக்கொண்ட 19 பேருக்கும் தாடை இறுகியது. உடம்பு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி! 19 பேரும் மாண்டுபோனார்கள். மற்றக் குப்பிகளின் மருந்தைப் போட்டுக்கொண்ட யாருக்கும் அந்த நோய் வரவில்லை.

நல்ல உடம்போடு வந்து கை நீட்டியவர்கள் அவர்கள். அந்த 19 குடும்பங்களுக்கும் எந்த விளக்கமும் ஆறுதலாக இருந்திருக்க முடியாது. ஊசி என்றாலே பஞ்சாபில் ஜனங்கள் ஓடினார்கள்.

சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. பரேலில் குப்பியை அடைக்கும்போதே, அல்லது அதற்கு முன்பே, ரண ஜன்னி புகுந்துவிட்டது என்று குழு முடிவு கட்டியது. கார்பாலிக்கை விட்டது குற்றமாகப் பேசப்பட்டது. ஹாப்கின் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1904-ல் மனம் நொந்து லண்டனுக்குக் கப்பலேறினார்.

கீழே விழுந்த குறடு

ஆனால், விசாரணையில் வெளிவந்த சாட்சியத்திலேயே வேறொரு சேதி இருந்தது. மல்கோவாலில் அன்று குப்பியைத் திறக்கும்போது, தக்கையைப் பிடுங்கும் குறடு ஒரு பணியாளரின் கை தவறி மண்ணில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கார்பாலிக் அமிலத்தில் ஒருமுறை முக்கிவிட்டு, அதனாலேயே தக்கையைப் பிடுங்கினார். தீயில் காட்டவில்லை.

மண்ணில் வித்து; வித்தின் மேல் கார்பாலிக். மேலே சொன்னதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாராய விளக்கும், அதன் சுடரில் சில விநாடியும் அன்று குறைவாகப் போயின.

குழு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லண்டனில் லிஸ்டர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நிலையம் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தது. திறந்த இடத்தில்தான் கிருமி புகுந்திருக்க வேண்டும் என்று கருதியது. அந்த அபிப்பிராயத்துக்குப் பிறகும் இந்திய சர்க்கார் அசையவில்லை. 1906-ன் கடைசியில் காகிதங்களை வெளியிட்டபோதும் பழி ஹாப்கின் மேலேயே நின்றது.

அப்போது ஒருவர் எழுந்தார். அவர் ரொனால்டு ராஸ். இந்தியாவில் பிறந்தவர், மலேரியாவைப் பரப்புவது கொசு என்று செகந்தராபாத்தில் 1897-ல் கண்டவர், நோபல் பரிசு பெற்றவர். அவரும் வேறு பெரிய விஞ்ஞானிகளும் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். பிரான்சில் தவறாகத் தண்டிக்கப்பட்ட டிரைபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியின் வழக்கை உலகம் மறக்காத நேரம் அது. இதுவும் அப்படியொரு வழக்கு என்று பலரும் பேசத் தொடங்கினார்கள்.

அவர்கள் காட்டிய காரணங்கள் எளிமையானவை. குப்பி அடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பரேலிலேயே ரண ஜன்னி புகுந்திருந்தால், அடைத்த குப்பிக்குள் அத்தனை நாளும் அது பெருகி, திறந்தவுடன் நாற்றம் மூக்கைத் துளைத்திருக்கும். நஞ்சும் நிறையச் சேர்ந்திருக்கும். ஊசி போட்டவர்கள் விரைவிலேயே விழுந்திருப்பார்கள். ஆனால், நாற்றம் இல்லை. நோய் வர ஒரு வாரம் ஆயிற்று. கொஞ்சம் வித்து உடம்புக்குள் போய், அங்கே விழித்து, அங்கே பெருகியதற்கான அடையாளமே அது.

கார்பாலிக் இருந்திருந்தால் அந்த 19 பேர் பிழைத்திருப்பார்களா? இன்றைய அறிவைக் கொண்டு பார்த்தால், அது வித்து வளர்வதைத் தடுக்குமே தவிர வித்தைக் கொல்லாது. திறந்த சில நிமிஷங்களுக்குள் ஊசி வழியாக உடம்புக்குள் போன வித்தை அது என்ன செய்திருக்க முடியும்?

1907 நவம்பரில் சர்க்கார் ஹாப்கின் மேலிருந்த பழியை நீக்கியது. மீண்டும் வேலை தருவதாகச் சொன்னது. அவர் விரும்பிய பம்பாய் கிடைக்கவில்லை. அங்கே வேறொருவர் அமர்ந்துவிட்டார். கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிசாலையைக் கொடுத்தார்கள். புதுத் தடுப்பூசிகளை மக்களுக்குப் போட்டுப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை. ஊர்ஊராகக் கூட்டத்தின் முன் நின்று கையில் குத்திக்கொண்ட மனிதரை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். விடுதலை கொடுத்து விலங்கையும் மாட்டியது போலத்தான். முதலாவது உலகப் போர் மூண்ட சமயத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

ஹாப்கின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் மதப்பற்று மிகுந்தது. சேர்த்த பணத்தைக் கிழக்கு ஐரோப்பாவில் யூதப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளுக்கு எழுதிவைத்தார். 1930 அக்டோபர் 26-ந் தேதி ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரில் காலமானார். 1964-ல் இந்தியத் தபால் இலாகா அவர் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது.

அவர் உயிரோடிருக்கும்போதே, 1925-ல், பரேல் ஆராய்ச்சிசாலைக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினார்கள். சேதி அறிந்து நன்றி தெரிவித்து எழுதினார். தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைப் பம்பாய் வேலைதான் எடுத்துக்கொண்டது என்பது அதில் இருந்தது. அதற்குள் அங்கிருந்து கோடிக்கணக்கான அளவில் பிளேக் தடுப்பு மருந்து வெளியே போயிருந்தது. பிற்காலத்தில், எந்த நோய் அவர் பெயரைக் கெடுத்ததோ, அந்த ரண ஜன்னிக்கு மருந்தும் பரேலிலேயே தயாராயிற்று.